வானிலிருந்து வனக் கணக்கு

நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள் அளப்பது ஒளியை மட்டுமே. அந்த ஒளியிலிருந்து காட்டைக் கண்டுபிடிக்க உதவுவது இலையின் ஒரு குணம். இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியைப் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. நூற்றில் ஐந்து பங்கு திரும்பி வந்தாலே அதிகம். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ். இலையின் உட்புறத்தில் செல்களுக்கிடையே காற்று நிரம்பிய இடைவெளிகள் உண்டு. அகச்சிவப்பு ஒளி அங்கே சிதறி, ஏறத்தாழ பாதி வெளியே வந்துவிடுகிறது. வெற்று மண்ணில் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இவ்வளவு வேறுபாடு இருப்பதில்லை. அகச்சிவப்பின் அளவிலிருந்து சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்ணைத் தாவரக் குறியீடு என்கிறார்கள். அடர்ந்த காட்டில் அது 0.8ஐ ஒட்டியிருக்கும், உழுதுபோட்ட நிலத்தில் 0.2க்குக் கீழே இறங்கிவிடும்.

இந்த எண்ணை மட்டும் நம்பிக் காட்டின் எல்லையை வரைந்துவிட முடியாது. நன்றாக விளைந்த கரும்பும் காட்டுக்குரிய எண்ணையே தரும். இலையின் ஈரத்தைக் காட்டும் குறுஅலை அகச்சிவப்பு, உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும் மரங்களின் நிழலால் படத்தில் தெரியும் சொரசொரப்பு, ஒரே இடத்தை வெவ்வேறு மாதங்களில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். கரும்பு அறுவடையானதும் நிலம் வெளுத்துவிடும். பசுமைமாறாக் காடு அப்படி வெளுப்பதில்லை.

அமெரிக்கா 1972 ஜூலையில் ஏவிய முதல் லேண்ட்சாட்டின் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 80 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலம். பத்தாண்டுகள் கழித்து வந்த நான்காவது லேண்ட்சாட்டில் அது 30 மீட்டராகக் குறைந்தது. அப்போதும் ஒரு ஹெக்டேருக்குப் பதினொரு புள்ளிகள்தான். தனி மரம் தெரியாது. மரங்களை வெட்டித் திறந்த திடல் தெரியும். ஒரு நாட்டின் காட்டை நிர்வகிக்க இந்த அளவு பார்வையே போதும் என்று காட்டிய நாடு பிரேசில்.

பிரேசில் நிர்வாகத்துக்காக ‘சட்டப்படியான அமேசான்’ என்று வகுத்துள்ள பகுதி ஏறத்தாழ 50 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல ஒன்றரை மடங்கு. இந்தப் பரப்பைக் காவலர்களை வைத்துச் சுற்றிவந்து பார்ப்பது நடவாத காரியம். லேண்ட்சாட் படங்களை நேரடியாகப் பெறுவதற்கான தரைநிலையத்தை குயாபா நகரில் 1973இலேயே பிரேசில் அமைத்துவிட்டது. அந்தப் படங்களில் எழுபதுகளின் இறுதியிலிருந்து ரொண்டோனியா மாநிலத்தில் ஒரு விசித்திர வடிவம் வளர்ந்துகொண்டே வந்தது. நடுவில் ஒரு நெடுஞ்சாலை, அதிலிருந்து இருபுறமும் சில கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பிரியும் நேர்க்கோட்டுச் சாலைகள், ஒவ்வொரு சாலையையும் ஒட்டி அகன்றுகொண்டே போகும் வெட்டுத் திடல்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலவே இருக்கும். அரசே நிலம் பகிர்ந்து குடியேற்றியவர்களின் மனைகள் அவை. சாலை போட்டால் காடு போகும் என்று சொல்லிவந்தவர்களுக்கு இந்தப் படங்களைவிட வலுவான சான்று அதற்கு முன் கிடைத்ததில்லை.

பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் புரோடெஸ் என்ற திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் அமேசான் காடழிப்பை அளந்துவருகிறது. அதன் ஆண்டு ஆகஸ்ட் 1இல் தொடங்கி ஜூலை 31இல் முடிகிறது. மழை ஓய்ந்து மேகம் குறைந்திருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை ஒட்டிய படங்களே பயன்படும் என்பதால் இந்த ஏற்பாடு. இருநூறுக்கும் மேற்பட்ட லேண்ட்சாட் சட்டகங்களைப் பக்கம்பக்கமாக வைத்தால்தான் முழு அமேசானும் அடங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் இலை எவ்வளவு, மண் எவ்வளவு, நிழல் எவ்வளவு என்று கணினி பிரித்துக் கொடுக்கும். அதில் புதிதாக மண் தெரியும் இடங்களைப் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்து எல்லை வரைவார்கள். 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த திடல்களை நீண்டகாலம் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

புரோடெஸின் விதிகளில் கண்டிப்பானது இது: ஒருமுறை அழிந்ததாகக் குறித்த இடம் நிரந்தரமாகக் கணக்கிலிருந்து மறைக்கப்படும். அங்கே மறுபடி மரம் முளைத்தாலும் அது காடாகச் சேராது. அந்த இரண்டாம் காட்டை வெட்டினால் அது காடழிப்பாகவும் சேராது. அளப்பது தொன்மையான காட்டை மட்டும். புதிதாக நட்டதைக் காட்டி இழப்பை ஈடுகட்டும் வழி இந்தக் கணக்கில் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான எண்களை இன்றும் அருகருகே வைத்து ஒப்பிட முடிவது இந்தப் பிடிவாதத்தால்தான்.

ஆனால் புரோடெஸ் ஆண்டுக்கு ஒருமுறை முடிக்கும் பேரேடு. அதில் ஓர் இழப்பு பதிவாகும்போது மரம் வெட்டியவர் மாடு மேய்க்கத் தொடங்கியிருப்பார். 2004 ஜூலையில் முடிந்த ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது என்று பேரேடு சொன்னது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த அந்த ஆண்டில் அரசு காடழிப்புத் தடுப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதன் ஓர் அங்கமாக இன்பே டெட்டர் என்ற எச்சரிக்கை முறையைத் தொடங்கியது.

டெட்டர் முதலில் நம்பியது மோடிஸ் என்ற கருவியை. அது அமேசானை அநேகமாக நாள்தோறும் பார்த்துவிடும். ஆனால் பார்வை மங்கல். ஒரு புள்ளியின் பக்கம் 250 மீட்டர், அதாவது 6.25 ஹெக்டேர். நான்கு புள்ளிகளாவது மாறினால்தான் மாற்றம் என்று நம்பலாம். ஆகவே 25 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டுகளே பிடிபட்டன. அகலமாக, அடிக்கடி பார்க்கும் கருவிக்கு நுணுக்கம் குறையும். நுணுக்கமாகப் பார்க்கும் கருவி அதே இடத்துக்குத் திரும்பிவர நாளாகும். ஒரு லேண்ட்சாட் 16 நாளைக்கு ஒருமுறை வருகிறது. அந்த ஒரு நாளில் மேகம் மூடினால் மேலும் 16 நாள் காத்திருக்க வேண்டும். பரப்பைத் துல்லியமாக அளக்க லேண்ட்சாட்டும், ஆளை அனுப்ப மோடிஸும் என்று இன்பே வேலையைப் பிரித்துக்கொண்டது எளிய யோசனைதான். செய்து காட்டியதில் இருக்கிறது அதன் பெருமை.

எச்சரிக்கைகள் இபாமா என்ற சுற்றுச்சூழல் காவல் அமைப்புக்குப் போகும். அதுவரை யாராவது புகார் சொன்னால்தான் அதிகாரிகள் கிளம்பினார்கள். இப்போது எங்கே, எவ்வளவு என்று வரைபடத்தோடு கிளம்ப முடிந்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே பிடித்தால் புல்டோசர்களையும் லாரிகளையும் பறிமுதல் செய்யலாம் என்பதால் சில வார வேகமும் பெரிய வித்தியாசம். பிறகு அதே படங்கள் வங்கி வரை போயின. 2008இல் காடழிப்பு அதிகமான 36 நகராட்சிப் பகுதிகளை அரசு பட்டியலிட்டது. அமேசான் பகுதியில் வேளாண் கடன் வாங்கச் சுற்றுச்சூழல் விதிகளைப் பின்பற்றுவதற்கான சான்று வேண்டும் என்ற கட்டுப்பாடும் அதே ஆண்டில் வந்தது. பாரா மாநிலத்தின் பாராகோமினாஸ் 2010இல் பட்டியலிலிருந்து வெளியேறிய முதல் நகராட்சி. அபராதத்தைக் கட்டாமல் இழுத்தடிக்கலாம். கடன் கிடைக்காவிட்டால் பண்ணை நடத்த முடியாது. செயற்கைக்கோள் படத்துக்குப் பல் முளைத்தது இந்த இடத்தில்தான்.

2012இல் காடழிப்பு 4,571 சதுர கிலோமீட்டராக இறங்கியது. எட்டாண்டுகளில் ஆறில் ஒரு பங்கு. இதற்கான பெருமை முழுவதும் டெட்டருக்கு என்று சொன்னால் மிகை. அந்தக் காலத்தில் காப்புக்காடுகளும் பழங்குடி நிலங்களும் விரிவாக்கப்பட்டன. சோயா, மாட்டிறைச்சி விலைகள் சில ஆண்டுகள் சரிந்திருந்தன. புதிதாக அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெரிய வணிக நிறுவனங்கள் 2006இல் ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தம் மீறப்படுகிறதா என்று சோதித்ததும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டுதான்.

வெட்டுபவர்களும் சும்மா இருக்கவில்லை. பெரிய திடல்கள் குறைந்து சிறு திடல்களின் பங்கு ஏறியது. 25 ஹெக்டேருக்குக் கீழே வெட்டினால் டெட்டர் பார்க்காது என்ற செய்தி பரவியது ஒரு காரணமாக இருக்கலாம். சிறு விவசாயிகளின் வெட்டு மட்டும் குறையாமல் நின்றதும் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் மங்கலான கண் போதாது என்றானது. 2015 முதல் டெட்டர் ஏறத்தாழ 60 மீட்டர் நுணுக்கமுள்ள படங்களுக்கு மாறி, மூன்று ஹெக்டேர் வெட்டையும் குறிக்கத் தொடங்கியது. அதற்கு உதவிய கருவிகளில் ஒன்று சீனாவும் பிரேசிலும் கூட்டாக ஏவிய செயற்கைக்கோளில் இருந்தது. இன்னொன்று இந்தியாவின் ரிசோர்ஸ்சாட்டில் உள்ள அகலப்பார்வைக் கருவி. இந்தியத் தொடர்பு அத்துடன் நிற்கவில்லை. பிரேசில் முழுவதுமாகத் தானே வடிவமைத்துக் கட்டிய முதல் புவிநோக்குச் செயற்கைக்கோளான அமேசானியா-1ஐ 2021 பிப்ரவரி 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏற்றிச் சென்றது.

மொட்டையடிக்கும் வெட்டை விடக் கண்டுபிடிக்கக் கடினமானது, விலையுயர்ந்த மரங்களை மட்டும் பொறுக்கி எடுப்பது. விதானத்தில் ஆங்காங்கே ஓட்டை விழும்; சில மாதங்களில் கொடிகளும் இளமரங்களும் அதை மூடிவிடும். முப்பது மீட்டர்ப் புள்ளியில் இலையின் பங்கு சற்றே குறைந்து மண்ணின் பங்கு சற்றே ஏறுவதுதான் தடயம். மரத்தை இழுத்துச் சென்ற பாதைகளும், கட்டைகளை அடுக்கிய சிறு களங்களும் வலைபோலத் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும். தரைத்தீ பலமுறை புகுந்த காடும் இப்படித்தான்: வரைபடத்தில் காடு, உள்ளே பாதி உயிர். இந்தச் சிதைவைப் புரோடெஸ் எண் காட்டாது என்பதால் டெட்டர் அதைத் தனி வகையாகக் குறிக்கிறது.

இனி மேகம். அமேசானில் அக்டோபர் தொடங்கிப் பல மாதங்கள் ஒளிப்படக் கருவிகள் பாதி குருடு. ரேடாருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது தானே நுண்ணலையை அனுப்பி எதிரொலியைப் பெறுகிறது, இரவும் மேகமும் அதற்கு ஒன்றுதான். அலைநீளத்தைப் பொறுத்து அது காண்பது மாறும். ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் ஐந்தரை சென்டிமீட்டர் அலை, மேலடுக்கு இலைகளிலும் சிறு கிளைகளிலும் பட்டுத் திரும்பிவிடும். ஜப்பான் 2006இல் ஏவிய அலோஸின் 24 சென்டிமீட்டர் அலை இலைகளைக் கடந்து பெருங்கிளைகளையும் தண்டுகளையும் தொடும். மரங்கள் விழுந்த இடத்தில் எதிரொலி பெரும்பாலும் தாழ்கிறது. ஆனால் வெட்டிய மரங்களை அப்புறப்படுத்தாமல் குவித்து வைத்தால் எதிரொலி ஏறவும் கூடும். ரேடார் படத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

இந்த அளவீடுகள் அரசியலிலிருந்து தப்பவில்லை. 2019 ஜூலையில் டெட்டர் எச்சரிக்கைகள் வேகமாக ஏறியபோது அந்த எண்கள் பொய் என்று அதிபர் ஜெயிர் போல்சனாரோ குற்றஞ்சாட்டினார். இன்பேயின் தலைவரான இயற்பியலாளர் ரிக்கார்டோ கல்வாவ் வெளிப்படையாக மறுத்தார், ஆகஸ்டில் பதவியிழந்தார். அவர் போனாலும் எண்கள் போகவில்லை. படங்களும் எல்லைக்கோடுகளும் ஏற்கெனவே யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் இருந்தன. லேண்ட்சாட் படங்களையும் அமெரிக்கா 2008 முதல் இலவசமாகத் தந்துவந்தது. மறைத்திருந்தால் வேறு எவரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். 2019ஆம் ஆண்டின் புரோடெஸ் கணக்கு 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2021இல் 13,000ஐயும் தாண்டியது. எச்சரிக்கைகள் அப்போதும் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தன. கிளம்பிப் போகும் ஆட்கள்தான் குறைந்திருந்தார்கள். காவல் மறுபடி இறுகிய பின் 2024இல் காடழிப்பு சுமார் 6,300க்கு இறங்கியது.

காட்டுத்தீயைக் கண்டுபிடிப்பதில் செயற்கைக்கோளின் திறமை வேறு வகையானது. இங்கே ஒரு புள்ளியைவிடப் பல மடங்கு சிறிய தீயும் அகப்படும். காரணம் வெப்பக் கதிர்வீச்சின் விதி. 27 பாகை செல்சியஸ் உள்ள நிலத்தோடு 530 பாகை அளவில் எரியும் தீயை ஒப்பிட்டால், 11 மைக்ரான் அலைநீளத்தில் தீயின் கதிர்வீச்சு இருபது மடங்குக்குச் சற்றுக் குறைவு. நான்கு மைக்ரானிலோ ஏறத்தாழ 1,800 மடங்கு. மோடிஸின் ஒரு சதுர கிலோமீட்டர்ப் புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நிலம் மட்டும் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், 11 மைக்ரானில் பதிவு நூற்றுக்கு இரண்டுகூட ஏறாது. நான்கு மைக்ரானில் அது மூன்று மடங்கை நெருங்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தீ தனியே தெரிந்துவிடும். வெயிலில் காயும் பாறையும், நீரில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளியும் சில வேளை ஏமாற்றும்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் இவ்வகைத் தீ எச்சரிக்கைகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்புகிறது. பின்னர் சேர்ந்த வியர்ஸ் கருவியின் புள்ளி 375 மீட்டர் என்பதால் இன்னும் சிறிய தீயும் அகப்படுகிறது. எந்த வனக்காவலரின் எல்லையில் தீ என்பதுவரை குறித்து, குறுஞ்செய்தி கைபேசிக்கே போய்விடும்; பொதுமக்களும் பதிவு செய்து பெறலாம். ஆனாலும் இந்தச் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தைக் கடப்பது ஒரு நாளில் சில முறைதான். வியர்ஸ் பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் கடந்தால், மூன்று மணிக்குப் புல்மேட்டில் பற்றும் தீயை அது அடுத்த சுற்றில்தான் பார்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் காய்ந்த புல் அதுவரை காத்திருக்காது. புவிநிலைச் சுற்றுப்பாதையில் உள்ள இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் அரைமணிக்கு ஒருமுறை பார்க்கிறது. அதன் புள்ளி நான்கு கிலோமீட்டர் என்பதால் தீ நன்கு வளர்ந்த பிறகே கண்ணில் படும்.

அதே வன அளவை நிறுவனத்தின் முதன்மைப் பணி இரண்டாண்டுக்கு ஒருமுறை நாட்டின் வனப்பரப்பை அளப்பது. முதல் அறிக்கை 1987இல் லேண்ட்சாட் படங்களைக் கொண்டு வந்தது. இப்போது இந்தியச் செயற்கைக்கோள்களின் 23.5 மீட்டர்ப் படங்கள் பயன்படுகின்றன. 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கை 7,15,343 சதுர கிலோமீட்டர், நாட்டின் பரப்பில் 21.76 விழுக்காடு என்கிறது. ஆனால் எதை எண்ணுகிறார்கள்? ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் மர விதானத்தின் அடர்த்தி பத்து விழுக்காடு இருந்தால் போதும். நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்பது பொருட்டல்ல. சோலைக்காடும் சேரும், பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் சேரும், தைலமரக் காடும் சேரும். இயற்கைக் காடு ஓரிடத்தில் குறைந்து தோப்பு வேறிடத்தில் கூடினால் கூட்டுத்தொகை அசையாமலே நிற்கலாம். புரோடெஸ் கேட்கும் கேள்வி “தொல்காட்டில் எவ்வளவு போயிற்று?” என்பது, இந்திய அறிக்கை கேட்பது “மரம் மூடிய நிலம் எவ்வளவு?” என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஒன்றின் பதிலை மற்றொன்றின் பதிலாகக் காட்டும்போதுதான் தவறு நேர்கிறது. அறிக்கையில் உண்மையாக உதவுவது தலைப்புச் செய்தியாகும் விழுக்காடல்ல, மிக அடர்ந்த காடு எத்தனை சதுர கிலோமீட்டர் திறந்த காடாகவோ வெற்று நிலமாகவோ மாறியது என்று காட்டும் மாற்ற அட்டவணை.

படம் எடுத்த மாதமும் கணக்கை மாற்றும். முதுமலை போன்ற இலையுதிர்காடு நவம்பரில் பச்சையாகவும் மார்ச்சில் மொட்டையாகவும் இருக்கும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் தமிழ்நாட்டில் மேகம் குறுக்கே நிற்கிறது. அதே முதுமலையில் மர நிழலடியில் பரவியிருக்கும் உண்ணிச்செடி, விதானம் பச்சையாக இருக்கும்வரை மேலிருந்து தெரியாது. யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் இல்லாமல் செய்வது அந்தப் புதர்தான். வனப்பரப்பு அட்டவணையில் அந்த இடம் குறையில்லாத காடாகவே இருக்கும்.

பரப்புக்கு அடுத்த கேள்வி, நிற்கும் காட்டில் எவ்வளவு மரம் இருக்கிறது, அதில் எவ்வளவு கரிமம் அடங்கியிருக்கிறது என்பது. இதற்குக் காட்டின் உயரமும் உட்கட்டமைப்பும் தெரிய வேண்டும். 2018இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட கெடி என்ற லேசர் கருவி, 25 மீட்டர் அகல வட்டங்களில் ஒளித்துடிப்பை வீழ்த்தி, மர உச்சியிலிருந்தும் தரையிலிருந்தும் எதிரொலி வரும் நேர வேறுபாட்டால் உயரத்தை அளந்தது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து கட்டிய நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 மீட்டர் அகல வலைத்தட்டுடன் இரண்டு அலைநீளங்களில் பார்க்கும் அந்த ரேடார், 12 நாளைக்கு ஒருமுறை அதே கோணத்தில் திரும்பி வருகிறது. ஆனால் ஹெக்டேருக்கு நூறு டன்னை ஒட்டிய எடைக்கு மேல் போனால் அதில் உள்ள 24 சென்டிமீட்டர் அலைக்கு அடர்த்தி வேறுபாடு தெரிவது குறைந்துவிடும். அமேசான் போன்ற கனத்த காட்டுக்காக ஐரோப்பா 2025 ஏப்ரலில் ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோள் 70 சென்டிமீட்டர் அலையைப் பயன்படுத்துகிறது. அந்த அலைவரிசை அமெரிக்க இராணுவ ரேடார்களின் அலைவரிசையோடு மோதுவதால் வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மேலே அது அளப்பதில்லை. வெப்பமண்டலக் காடுகளுக்கு மேல் அந்தத் தடை இல்லை.

இந்தக் கருவிகள் எதுவும் டன் கணக்கைத் தாமாகச் சொல்வதில்லை. எதிரொலியை எடையாக மாற்றும் சூத்திரம் தரையில் அளந்த மரங்களிலிருந்து பிறக்கிறது. மாதிரிக்காகக் குறித்த சிறு நிலங்களில், இந்திய வழக்கப்படி நிலத்திலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுக்கிறார்கள். இனத்தையும் உயரத்தையும் குறிக்கிறார்கள். இந்த மாதிரி நிலங்கள் குறைவாகவோ, சாலையோரமாகவோ, அணுக எளிதான காட்டில் மட்டுமோ இருந்தால் அந்தப் பிழை அப்படியே செயற்கைக்கோள் வரைபடத்தின் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் பரவிவிடும்.